கோதுமையும் பாலும் இல்லாத சாக்லேட் சிப் குக்கீஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்கு ஆறு வயதில் சீலியாக் நோய் இருப்பது தெரிந்தது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கும் நோய் அது. கொஞ்ச நாளில் பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. பேக்கரிக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் எதையும் அவளுக்கு வாங்கித் தர முடியாது என்று ஆனபோது வீட்டில் பேக்கிங் செய்யக் கற்றுக்கொண்டேன். நான்கு வருடங்கள் ஆகின்றன. உறவினர்களும் மகளின் தோழிகளுடைய அம்மாக்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் இங்கே சேர்த்திருக்கிறேன்.

எதையெல்லாம் விலக்க வேண்டும்?

குளூட்டன் இருப்பது கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களில். மைதா, ரவை, சேமியா எல்லாம் கோதுமைதான். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி ஆகியவற்றில் இயல்பாகவே குளூட்டன் கிடையாது. ஓட்ஸ் மட்டும் இடைப்பட்டது. வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடும் என்பதால், குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்ட ஓட்ஸைத்தான் வாங்க வேண்டும். அதுவும் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு.

பால் பக்கம் வெண்ணெய், நெய், பால் பவுடர், கண்டென்ஸ்டு மில்க், தயிர், மோர் எல்லாவற்றையும் விலக்க வேண்டும். பெயரைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லாதவையும் உண்டு. கோகோ பட்டர் என்பது கோகோ கொட்டையின் கொழுப்பு, அதில் பால் இல்லை. பீநட் பட்டர் வேர்க்கடலை விழுது. தட்டில் விரிக்கும் பட்டர் பேப்பர் வெறும் காகிதம்தான்.

கோதுமையும் பாலும் ஏன் சேர்ந்தே ஆகாமல் போகின்றன?

எல்லாருக்கும் அப்படி இல்லை. பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க உதவும் நொதி, சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் மெல்லிய விரல் போன்ற நீட்சிகளின் நுனியில்தான் சுரக்கிறது. சீலியாக் நோய் முதலில் சிதைப்பது அந்த நீட்சிகளைத்தான். அதனால் பாலும் வயிற்றைக் கலக்குகிறது. கோதுமையை முழுவதும் நிறுத்திக் குடல் ஆறியதும் பலருக்குப் பால் மறுபடி ஒத்துக்கொள்ளும். பால் ஒவ்வாமை வேறு விஷயம். அது பாலின் புரதத்துக்கு எதிரானது, ஒரு துளிகூட ஆபத்தாகலாம். உங்கள் பிள்ளைக்கு இரண்டில் எது என்று மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டு வையுங்கள். கீழே நான் சொல்லும் பல விஷயங்கள் அந்தப் பதிலைப் பொறுத்து மாறும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சந்தேகத்தின் பேரில் கோதுமையை நீங்களாகவே நிறுத்திவிட்டு, அதன் பிறகு பரிசோதனைக்குப் போகாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுக்கும் ரத்தப் பரிசோதனைதான் சரியாகக் காட்டும்.

மைதாவுக்குப் பதிலாக எந்த மாவு?

ஒரே மாவை வைத்துச் செய்தால் குக்கீ சரியாக வராது. நான் நான்கைக் கலக்கிறேன். பச்சரிசி மாவுதான் உடம்பு. கேழ்வரகு மாவு நிறமும் மணமும் தரும். சாக்லேட்டோடு அது சேர்ந்துகொள்வதைப் போல வேறெந்த மாவும் சேர்வதில்லை. முந்திரிப் பொடி மென்மைக்கு. நான்காவது ஜவ்வரிசிப் பொடி.

ஜவ்வரிசி என்றதும் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். வெளிநாட்டுச் செய்முறைகளில் டாபியோகா ஸ்டார்ச் என்று வரும், அதைத் தேடி இணையத்தில் அதிக விலை கொடுப்பார்கள். அது மரவள்ளிக்கிழங்கு மாவுதான். சேலத்து ஜவ்வரிசியும் அதே கிழங்கின் மாவிலிருந்து வருவதுதான். வெறும் வாணலியில் லேசாகச் சூடேற்றி, மிக்ஸியில் அரைத்து, மெல்லிய சல்லடையில் சலித்தால் போதும். ஜவ்வரிசி செய்யும்போதே அந்த மாவு பாதி வெந்துவிடுவதால், ஈரம் பட்டதும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

பிடிப்புக்கு இன்னொன்றும் வேண்டும். கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் குளூட்டன் வலைபோலப் பின்னி மாவைக் கட்டிவைக்கும். அரிசி மாவில் அந்த வலை கிடையாது. வெளிநாட்டில் சாந்தன் கம் என்ற பிசின் பொடியைப் போடுவார்கள். நான் போடுவது இசப்கோல், மலச்சிக்கலுக்கு மருந்துக்கடையில் விற்கும் அதே உமி. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைகிறது, எந்த ஊரிலும் கிடைக்கும். ஒரு டீஸ்பூன் போதும். மணமோ சுவையோ எதுவும் கலக்காத வெறும் உமியாகப் பார்த்து வாங்குங்கள்.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. ரொட்டிக்கு அந்த வலை உயிர். குக்கீக்கு அது கொஞ்சம் இருந்தால் போதும். ஆகவே கோதுமை இல்லாத பேக்கிங்கைத் தொடங்குகிறவர்கள் ரொட்டியில் தொடங்காமல் குக்கீயில் தொடங்குங்கள்.

அரிசி மாவை மில்லில் அரைத்துக்கொள்ளலாமா?

சீலியாக் உள்ளவர்களுக்கு என்றால் கூடாது. நமக்கு முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருப்பார். கல்லிலும் வாயிலும் ஒட்டியிருப்பது நம் மாவில்தான் இறங்கும். இந்தியாவில் ஓர் உணவைக் குளூட்டன் இல்லாதது என்று விற்க வேண்டுமென்றால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. மில் கல்லில் ஒட்டியிருக்கும் ஒரு பிடி மாவு அந்த அளவை எங்கேயோ தாண்டிவிடும்.

வீட்டில் செய்வது சிரமமில்லை. பச்சரிசியைக் கழுவி 2 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, சுத்தமான துணியில் நிழலில் உலர்த்துங்கள். கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் மிக்ஸியில் அரைத்து இரண்டு முறை சலியுங்கள். பிறகு சிறு தீயில் கோலம் போட வரும் பதத்துக்கு வறுத்து ஆறவிடுங்கள். இடியாப்பத்துக்கு மாவு வறுத்த பழக்கம் உள்ள வீட்டில் இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. கேழ்வரகையும் அப்படியே கல் நீக்கி, கழுவி, நன்றாகக் காயவைத்து வீட்டில் அரைப்பதுதான் நிம்மதி.

வெண்ணெய்க்குப் பதிலாக என்ன?

தேங்காய் எண்ணெய். செக்கு எண்ணெய் என்றால் தேங்காய் மணம் இருக்கும், எனக்கு அது பிடிக்கும். மணம் வேண்டாம் என்றால் சுத்திகரித்த எண்ணெய்.

அளவில் ஒரு கணக்கு இருக்கிறது. வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம்தான் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். தேங்காய் எண்ணெய் முழுக்கக் கொழுப்பு. ஆகவே 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெயும் ஒரு டேபிள்ஸ்பூன் கெட்டித் தேங்காய்ப்பாலும் என்று மாற்றிக்கொள்ளுங்கள். வெண்ணெயின் அதே எடைக்கு எண்ணெயையும் போட்டால் குக்கீ தட்டில் எண்ணெய் கக்கும்.

வெண்ணெய் போலத் தாவர எண்ணெயில் செய்யும் மார்ஜரினில் பால் பொருள் சேர்ந்திருக்கலாம், அதனால் நான் அதை வாங்குவதில்லை. பாலில்லாதது என்று பெயர் போட்டு விற்கும் காபி க்ரீமர்களில்கூடப் பால் புரதமான கேசினேட் இருப்பதுண்டு.

நெய்யைக் காய்ச்சித் தெளியவைத்துத்தானே எடுக்கிறோம், அது ஆகாதா?

லாக்டோஸ் மட்டும் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு நெய் ஆகும். பால் புரத ஒவ்வாமை உள்ளவருக்கு ஆகாது. எவ்வளவு தெளியவைத்தாலும் கொஞ்சம் புரதம் தங்கும்.

எந்தச் சாக்லேட் வாங்குவது?

அதிகம் ஏமாறும் இடம் இது. பேக்கிங் பொருள் கடையில் சாக்லேட் சிப்ஸ் என்று கேட்டால் பெரும்பாலும் காம்பவுண்டைத்தான் எடுத்துத் தருவார்கள். கோகோ பட்டருக்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பில் செய்தது அது. டார்க் என்று எழுதியிருந்தாலும் பல காம்பவுண்டுகளில் பால் பவுடர் இருக்கிறது. பின்பக்கப் பட்டியலில் கோகோ, சர்க்கரை, கோகோ பட்டர், லெசித்தின், வெனிலா, இவ்வளவுதான் இருக்க வேண்டும்.

பச்சைப் புள்ளியை நம்ப வேண்டாம். அது சைவம் என்று மட்டுமே சொல்கிறது, பால் சேர்த்த பொருளுக்கும் அதே பச்சைப் புள்ளிதான். பாலும் இல்லாத உணவுக்கு வீகன் முத்திரை தனியாக இருக்கிறது. அதற்கான விதிமுறைகள் 2022இல் வந்தன. ஒவ்வாமை தரும் பொருள்களைத் தனி வரியில் போட வேண்டும் என்பதும் விதி. அந்த வரியைப் படிக்காமல் எதையும் கூடையில் போடாதீர்கள். பால் கலந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை இருந்தால், அதே இயந்திரத்தில் மில்க் சாக்லேட்டும் ஓடக்கூடும் என்று புரிந்துகொள்ளுங்கள். கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அது வேண்டாம்.

மால்ட் என்ற சொல் வந்தாலும் நிறுத்திப் படியுங்கள். பெரும்பாலும் அது பார்லி மால்ட், அதாவது குளூட்டன். கேழ்வரகு மால்ட் என்றால் வெறும் கேழ்வரகுதானா, பால் பவுடர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சிப்ஸ் கிடைக்கவில்லை என்றால் 60 முதல் 70 சதவீத டார்க் சாக்லேட் கட்டி ஒன்றை வாங்கிக் கத்தியால் நறுக்குங்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் கோகோ ஊடுபயிராக வளர்கிறது. அந்த மண்ணின் கோகோவில் செய்த சாக்லேட்டும் இப்போது கிடைக்கிறது. நறுக்கிய சாக்லேட் ஒன்றும் குறைவில்லை. இந்த குக்கீயே அப்படிப் பிறந்ததுதான். 1930களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விட்மன் என்ற ஊரில் டோல் ஹவுஸ் என்ற விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்ட், சாக்லேட் கட்டியை வெட்டி மாவில் கலந்துதான் முதலில் சுட்டார். சிப்ஸ் என்று தனியாக விற்பனைக்கு வந்தது பிறகுதான்.

முழு அளவு என்ன?

ஏறக்குறைய 20 குக்கீகளுக்கு: பச்சரிசி மாவு 120 கிராம், கேழ்வரகு மாவு 40, முந்திரிப் பொடி 50, ஜவ்வரிசிப் பொடி 30. இசப்கோல் 1 டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். தேங்காய் எண்ணெய் 100 கிராம், நாட்டுச் சர்க்கரை 110, வெள்ளைச் சர்க்கரை 40. முட்டை ஒன்று, கெட்டித் தேங்காய்ப்பால் 2 டேபிள்ஸ்பூன், வெனிலா எசன்ஸ் 1 டீஸ்பூன், நறுக்கிய சாக்லேட் 120 கிராம்.

தராசு வாங்கிவிடுங்கள். வீட்டில் அரைத்த மாவு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி அமுங்கும், கப் கணக்கு அதற்குச் சரிவராது.

செய்முறை?

தேங்காய் எண்ணெயை ஃபிரிட்ஜில் வைத்து, பாதி உறைந்த நெய்யின் பதத்துக்கு வந்ததும் எடுங்கள். இரண்டு சர்க்கரைகளையும் சேர்த்து விஸ்க் என்ற கம்பி மத்தால் மூன்று நிமிடம் அடியுங்கள். முட்டை, தேங்காய்ப்பால், வெனிலா சேர்த்து நிறம் வெளுக்கும் வரை மறுபடி அடியுங்கள். மாவுகள், இசப்கோல், சோடா, உப்பு எல்லாவற்றையும் தனியாகச் சேர்த்துச் சலித்து, சல்லடையில் தங்கும் உமியையும் முந்திரியையும் மேலே போட்டு, அடித்து வைத்த கலவையில் சேர்த்துக் கரண்டியால் கலந்துவிடுங்கள். சாக்லேட் கடைசியில்.

முதலில் மாவு தளர்வாக, கேக் மாவு போல இருக்கும். பயந்துபோய் இன்னும் அரிசி மாவு கொட்டாதீர்கள். மூடி அரை மணி நேரம் வையுங்கள், தானாக இறுகும். பிறகு 35 கிராம் உருண்டைகளாகப் பிடித்து, லேசாகத் தட்டையாக்கி, இன்னும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். உருட்டிய பிறகுதான் ஃபிரிட்ஜ். உருட்டாமல் மொத்தமாக வைத்தால் எண்ணெய் உறைந்து மாவு கல்லாகிவிடும்.

ஓடிஜி என்ற மின்சார ஓவனை 170 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் சூடாக்கிவிட்டு, நடுத்தட்டில் 12 முதல் 14 நிமிடம் சுடுங்கள். ஓரம் இறுகி, நடுவில் விரல் வைத்தால் கொஞ்சம் அமுங்க வேண்டும். வெந்துவிட்டதா என்ற சந்தேகம் வரும். அதுதான் எடுக்க வேண்டிய நேரம். தட்டிலேயே 15 நிமிடம் ஆறவிடுங்கள். சூட்டோடு எடுத்தால் கையில் உடையும்.

மாவை ஊறவைப்பது அவ்வளவு முக்கியமா?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பேன் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். அரிசி மாவு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். உடனே சுட்டால் ஈரம் உள்ளே போகாத அரிசித் துகள் பல்லில் மணலாக நறநறக்கும். கோதுமை இல்லாத பலகாரம் என்றாலே மணல் என்ற பெயர் வந்ததற்குப் பெரிய காரணம் இந்த அவசரம்தான்.

அதிரசத்துக்கு மாவு கிளறிய அன்றே சுடுவோமா? பாகும் அரிசி மாவும் ஒன்றோடொன்று ஊறட்டும் என்று ஒரு நாளாவது வைப்போம். என் பாட்டி துணி கட்டி மூன்று நாள் வைப்பார். நான் முதல் மூன்று முறை செய்த குக்கீ மணலாக வந்தது. எல்லா மாவையும் மாற்றிப் பார்த்தேன், சரியாகவில்லை. ஒரு தீபாவளிக்கு அதிரச மாவைத் திறந்தபோதுதான் இது புரிந்தது. அரிசி மாவும் வெல்லமும் சேர்ந்த பலகாரம் நம் வீட்டில் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறது, அந்தப் பக்குவம் இதற்கும் அப்படியே பொருந்துகிறது. நேரம் இருந்தால் உருண்டைகளை இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் சுடுங்கள். நிறமும் கூடும், வெல்ல மணமும் ஆழமாகும்.

தட்டில் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது, ஏன்?

பெரும்பாலும் சூடு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகும். மே மாத அடுக்களையில் அது எண்ணெயாகத்தான் இருக்கும். உருண்டை ஜில்லென்று இருக்கும்போதே ஓவனுக்குள் போக வேண்டும், ஓவனும் அதற்கு முன் முழுச் சூட்டில் இருக்க வேண்டும். முந்தைய தொகுதி சுட்ட சூடான தட்டில் அடுத்ததை அடுக்காதீர்கள்.

உதிர்ந்து போகிறதே?

இசப்கோல் விட்டுப்போயிருக்கும், அல்லது ஆறுமுன் எடுத்திருப்பீர்கள். இரண்டும் இல்லை என்றால் அடுத்த முறை ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய்ப்பால் கூட்டுங்கள்.

ஓவன் இல்லை. குக்கரில் செய்யலாமா?

குக்கரைவிட, மூடி இறுக்கமாகப் பொருந்தும் அடிகனமான இரும்புக் கடாய் நல்லது. நான்ஸ்டிக் வேண்டாம், அதை வெறுமனே சூடாக்கக் கூடாது. அடியில் ஒரு தாங்கி வைத்து, மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். ஒரு தட்டில் ஐந்து உருண்டைகளை இடைவெளி விட்டு வைத்து, தீயைக் குறைத்து 18 முதல் 20 நிமிடம். மேலே சிவக்காது, ஆனால் அடி நன்றாகச் சிவக்கும். சுவையில் குறை இருக்காது.

முட்டை சேர்க்காத வீடு எங்களுடையது.

ஒரு டேபிள்ஸ்பூன் ஆளி விதைப் பொடியை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவிட்டால் வழவழப்பாகும். ஒரு முட்டைக்கு அது சரி. குக்கீ கொஞ்சம் மொறுமொறுப்பாக வரும்.

முந்திரி ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு?

சூரியகாந்தி விதையை அரைத்துப் போடுங்கள். ஆனால் ஆறியபின் உள்ளே பச்சை நிறமாகத் தெரியலாம். அந்த விதையில் இருக்கும் ஓர் அமிலம் சோடாவோடு சேர்ந்து நிறம் மாறுவதுதான், கெட்டுப்போகவில்லை. வெள்ளை எள் பொடியும் ஆகும், எள் ஒவ்வாமை இல்லாவிட்டால்.

கோதுமையும் பாலும் இல்லை, நாட்டுச் சர்க்கரை வேறு. நிறையச் சாப்பிடலாம்தானே?

இல்லை. நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். ஈரம் பிடித்து மென்மை தருகிறது, மணம் தருகிறது, அதற்காகத்தான் போடுகிறேன்.

அதே அடுக்களையில் சப்பாத்தியும் போடுகிறோம். என்ன செய்வது?

எங்கள் வீட்டிலும் மற்றவர்கள் சப்பாத்தி சாப்பிடுகிறார்கள். ஆனால் குக்கீ செய்யும் நாளில் சப்பாத்தி கிடையாது. மைதாவும் கோதுமை மாவும் காற்றில் பறந்து மெதுவாகப் படியும். சல்லடை, மரக்கரண்டி, விஸ்க், பேக்கிங் தட்டு எல்லாம் மகளுக்கென்று தனியாக, சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன். சல்லடைக் கண்ணில் சிக்கிய மாவை எத்தனை முறை கழுவினாலும் முழுதாக எடுக்க முடியாது; அதனால் தனிச் சல்லடை கட்டாயம். ஸ்டீல் பாத்திரம் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும்.

குக்கீக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்று சொல்கிறேன். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கிறது. சாம்பாரிலும் ரசத்திலும் தினமும் அது போகிறது. மகளுக்குச் சோதனை முடிவு வந்து மூன்று மாதம் கழித்துத்தான் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். இன்றே எடுத்துப் பாருங்கள். கோதுமை சேராத பெருங்காயமும் கிடைக்கிறது.

எத்தனை நாள் வைக்கலாம்?

காற்றுப் புகாத டப்பாவில் ஐந்து நாள். கடற்கரை ஊர் என்றால் மூன்றாம் நாளே நமத்துவிடும். 150 டிகிரியில் நான்கு நிமிடம் வைத்தால் மீளும். சுடாத உருண்டைகள் ஃப்ரீசரில் இரண்டு மாதம் இருக்கும். அப்படியே எடுத்து, இரண்டு நிமிடம் கூடுதலாகச் சுட வேண்டும்.

பிறந்தநாள் விழாவுக்குப் போகும் பிள்ளையை எப்படிச் சமாளிப்பது?

ஒரு விழாவில், கொஞ்சூண்டு கேக்தானே என்று அன்பாக ஊட்டிவிட்டார்கள். இரண்டு நாள் வயிற்றுவலியில் சுருண்டு கிடந்தாள். ஊட்டியவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்குத் தெரியாது. அதன் பிறகு அழைப்பு வந்ததுமே அந்த அம்மாவுக்கு போன் செய்து சொல்லிவிடுகிறேன். ஃப்ரீசரில் எப்போதும் பன்னிரண்டு உருண்டையாவது இருக்கும். விழாவுக்கு முந்தின இரவு சுட்டு, மூடியில் பெயர் எழுதிய டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்புவேன். அவளுக்கு மட்டும் என்று இரண்டு வைக்க மாட்டேன், தோழிகளுக்கும் சேர்த்து வைப்பேன். தனியாக உட்கார்ந்து தின்பது அவளுக்குப் பிடிக்காது. கேக் தொட்ட கை டப்பாவுக்குள் போகக் கூடாது என்பதால், அவள் தன் பங்கை முதலில் எடுத்துவிட்டுத்தான் டப்பாவை மற்றவர்களிடம் நீட்டுவாள்.